லைசென்ஸில் ஓடிய ரத்தம்

என் உடம்பில் ஓடுவது ஏ பாசிட்டிவ் ரத்தம், அந்த ரத்தத்துக்கு வஞ்சிரம் மீன் விஷம், கத்தரிக்காய் பகை, உருளைக்கிழங்கு துரோகி என்று மூன்று மாதம் நான் முழுதாக நம்பினேன். சும்மா நம்பவில்லை. கலர் பிரிண்ட் எடுத்து, லேமினேஷன் போட்டு, சமையலறைச் சுவரில் ஆணி அடித்து மாட்டி நம்பினேன். வீடு இருப்பது கடலூர் முதுநகரில். காலையில் ஜன்னலைத் திறந்தால் காற்றுக்கு முன்னால் மீன் வாசம் வரும். அந்த ஜன்னலையும் மூன்று மாதம் சாத்தி வைத்தேன்.

எனக்கு நாற்பத்தெட்டு வயது. மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், பிரிண்ட், லேமினேஷன், விண்ணப்பம் நிரப்பித் தருவது எல்லாம் உண்டு. கலெக்டர் ஆபீசுக்குப் போகும் பாதி ஊரின் பிறந்த தேதியும் அப்பா பெயரும் என் கை வழியாகத்தான் போகின்றன. எந்தக் காகிதத்தையும் நம்பாதே என்று அடுத்தவருக்குச் சொல்லத் தகுதியான ஆள் இந்த ஊரில் உண்டென்றால் அது நான்தான். அந்த ஆள்தான் ஏமாந்தான்.

எல்லாம் ஒரு ரத்தப் பரிசோதனையில் ஆரம்பித்தது. கண் மங்குகிற மாதிரி இருக்கிறதே என்று கண்ணாடி போடப் போனேன். கண்ணாடிக்காரர் “எதுக்கும் சுகர் பாத்துடுங்க” என்றார். பார்த்தேன். மூன்று மாதச் சராசரி ஆறு புள்ளி நாலு என்று வந்தது. டாக்டரம்மா காகிதத்தை என் பக்கம் திருப்பி, பேனாவால் தட்டினார்.

“கோட்டு மேல நிக்கிறீங்க சார். இன்னும் ஒரு அடி எடுத்து வெச்சா அந்தப் பக்கம். மூணு மாசம் டைம் தரேன். சாப்பாட்டைப் பாருங்க, நடங்க. குறையலேன்னா மாத்திரை ஆரம்பிச்சுடலாம்.”

“மாத்திரை எத்தன நாளைக்கு மேடம்?”

“எத்தன நாளைக்கா?” என்று அவர் சிரித்தார். சிரிப்பிலேயே பதில் இருந்தது.

என் அப்பாவுக்குச் சர்க்கரை இருந்தது. வலது காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். அதற்குப் பிறகு செருப்புக் கடைக்குப் போனால், “ரெண்டு வெரலு கொறையுது, வெலையில கொறப்பியா?” என்று கடைக்காரரைக் கேட்பார். கடையே சிரிக்கும். அவரும் சிரிப்பார். வீட்டுக்கு வந்து அந்தச் செருப்பைப் போடாமல் நாள் முழுக்கக் கட்டிலுக்கு அடியிலேயே வைத்திருப்பார். எங்கள் குடும்பத்தில் பயம் வந்தால் முதலில் ஜோக்காகத்தான் வெளியே வரும். அன்று டாக்டரம்மாவின் அறையை விட்டு வந்தபோது வாசலில் இருந்த செக்யூரிட்டியிடம், “அண்ணே, உள்ள என் காலு வெரலு பத்தும் பத்திரமா இருக்கான்னு எண்ணிட்டு வரேன்” என்றேன். அவர் சிரித்தார். நான் பைக்கில் உட்கார்ந்து நிஜமாகவே எண்ணினேன்.

ஆக, மூன்று மாதம். என் பத்து விரல்கள். இதுதான் நிலைமை.

மறுநாளே கடைக்கு ஒருவர் பென்டிரைவோடு வந்தார். ஜிம் நடத்துகிறவர். கை இரண்டும் உடம்பில் ஒட்டாமல் தள்ளித் தள்ளி நிற்கும். “பதினாறு பக்கம்ணே. கலர்ல பத்து செட்டு போடுங்க. ஜிம்முக்கு வர்றவங்களுக்குக் குடுக்கணும்” என்றார். முதல் பக்கத்திலேயே ஒரு பெரிய சிவப்புச் சொட்டு. கீழே, “உங்கள் ரத்த வகை என்ன? உங்கள் உணவு அதுதான்!” என்று எழுதியிருந்தது. எனக்கு உள்ளே ஜிவ்வென்றது. முந்தின நாள்தான் டாக்டரம்மா சாப்பாட்டைப் பார்க்கச் சொன்னார். எதைப் பார்ப்பது என்று தெரியாமல் ராத்திரி முழுக்க மோட்டுவளையைப் பார்த்திருந்தேன். காலையில் சாப்பாடே பென்டிரைவில் ஏறி என் கடைக்கு வந்துவிட்டது.

“இது வேலை செய்யுதுங்களா?” என்று கேட்டேன்.

“என்னாண்ணே இப்படிக் கேக்குறீங்க? லாரிக்கு டீசலு. பைக்குக்குப் பெட்ரோலு. மாத்தி ஊத்துனா என்னா ஆவும்?”

“இஞ்சின் போயிடும்.”

“அவ்ளோதான்!”

என் தலைக்குள் ஒரு லாரியும் ஒரு பைக்கும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. நாற்பத்தெட்டு வருடமாகப் பைக்கில் டீசலை ஊற்றிக்கொண்டிருந்த முட்டாளாக என்னைக் கண்டேன். பத்து செட் கேட்டவருக்குப் பத்து செட் கொடுத்தேன். பதினோராவது செட்டை மெஷினுக்கு அடியில் ஒளித்துக்கொண்டேன். தொழிலுக்கு வந்த இத்தனை வருடத்தில் நான் செய்த ஒரே திருட்டு அதுதான்.

ஆள் போனதும் பர்ஸிலிருந்து டிரைவிங் லைசென்ஸை எடுத்தேன். என் ரத்த வகை எனக்கு வேறு எப்படித் தெரியும்? ஊசி என்றாலே எனக்கு ஆகாது. கல்லூரியில் ரத்த தான முகாம் நடந்த அன்று கழிப்பறையில் ஒளிந்திருந்து, முகாம்காரர்கள் வேன் ஏறியது தெரிந்த பிறகுதான் வெளியே வந்தவன் நான். சர்க்கரைப் பரிசோதனைக்கே கண்ணை மூடிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டுதான் கையை நீட்டினேன். லைசென்ஸில் தெளிவாக அச்சடித்திருந்தது: ஏ பாசிட்டிவ்.

ஏ வகைக்காரர்கள் பக்கத்தைப் பிரித்தேன். ஒவ்வொரு வரியும் என்னை ஒவ்வொரு அறை அறைந்தது. ஆட்டுக்கறி வேண்டாம். கோழி வேண்டாம். நண்டு, இறால் கிட்டவே வேண்டாம். மீனைத் தவிர்ப்பது உத்தமம். பால், தயிர் வேண்டாம். தக்காளி, உருளை, கத்தரி, தேங்காய், வாழைப்பழம், முந்திரி வேண்டாம். முந்திரியும் மீனும் வேண்டாம் என்றால் கடலூர் மாவட்டத்தில் மனிதன் எதற்கு இருக்க வேண்டும்? சாப்பிடலாம் என்று இருந்தவை: பரங்கிக்காய், கீரை, பயறு, வேர்க்கடலை. கடைசிப் பக்கத்தில், ஏ வகைக்காரர்கள் சீக்கிரம் பதற்றம் அடைவார்கள், அதனால் தினமும் அமைதியாக நடக்க வேண்டும் என்று போட்டிருந்தது. அதைப் படித்ததும் பதறிப்போனேன். என்னைப் பக்கத்தில் இருந்து பார்த்து எழுதியது போல இருந்தது! சந்தேகத்துக்கு இனி இடமே இல்லை.

வீட்டில் நாலு வகைப் பக்கங்களையும் சுவரில் மாட்டியதும் என் மனைவி இடுப்பில் கை வைத்துப் படித்தாள். படித்து முடித்து என்னைப் பார்த்தாள்.

“சரி. அப்ப நான் என்னாத்த சமைக்கிறது?”

“பரங்கிக்காய்.”

“தெனமுமா?”

“நடுவுல கீரை.”

“எனக்கு என்னா குரூப்பு தெரியுமா?” பிரசவத்தில் பார்த்தது அவளுக்கு நினைவிருந்தது. “ஓ பாசிட்டிவ். அதுக்கு என்னா போட்டிருக்குது, பாருங்க.”

பார்த்தேன். வயிறு எரிந்தது. ஓ வகைக்குக் கறி நல்லது, மீன் நல்லது என்று போட்டிருந்தது. பதினாறு பக்கத்தில் அவளுக்குப் பிடித்த ஒரே பக்கம் அது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரு தட்டில் பரங்கிக்காய்க் கூட்டு வந்தது. எதிர்த் தட்டில் வஞ்சிரம் வறுவல், நடுத்துண்டாக இரண்டு.

“என் எதிர்ல இதத் துன்னணுமா?”

“நான் என்னாங்க பண்றது? என் ரத்தம் கேக்குது. சுவத்துல எழுதியிருக்குது. நீங்கதான மாட்டுனீங்க!”

மீன் குழம்பு இல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. வழக்கமாக நான் மூன்று முறை சோறு போட்டுக்கொள்ளும் ஆள். முதல் முறை குழம்புக்கு, இரண்டாவது குழம்பில் மீந்த சாற்றுக்கு, மூன்றாவது சட்டியில் ஒட்டியதற்கு. கூட்டுக்கு ஒரு கரண்டிக்கு மேல் போகவே மாட்டேன் என்றது. சாயங்காலம் நாலு மணிக்கு டீயும் உருளைக்கிழங்கு பஜ்ஜியும் எனக்குத் தினசரிப் பூசை. உருளை துரோகி ஆயிற்றே, நிறுத்தினேன். பால் கூடாது என்பதால் டீயும் போயிற்று. பரோட்டாவுக்குச் சால்னா இல்லை என்றால் பரோட்டா எதற்கு? அதுவும் போயிற்று. பதற்றம் தணிய வெள்ளிக் கடற்கரையில் காலையில் நடந்தேன். அமைதியாக நடக்கச் சொல்லியிருந்ததால் எதிரில் வந்த தெரிந்தவர்களோடுகூடப் பேசவில்லை. எனக்கு ஏதோ மனக்கஷ்டம் என்று முதுநகர் முழுக்கப் பேச்சு பரவியது.

இதில் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்கு அது பிடித்திருந்தது. டாக்டரம்மா சொன்னது எல்லோருக்கும் சொல்வது: சாப்பாட்டைப் பாருங்க, நடங்க. அதில் எனக்கென்று என்ன இருக்கிறது? இது அப்படி இல்லை. என் ரத்தத்துக்கென்றே யாரோ உட்கார்ந்து எழுதியது! கடைக்கு வருகிறவர்களை எல்லாம், “உங்க குரூப்பு என்னா?” என்று கேட்க ஆரம்பித்தேன். சாதிச் சான்றிதழுக்கு வந்தவருக்குச் சாப்பாட்டு வகுப்பு எடுத்தேன். பி வகைக்கு வேர்க்கடலை ஆகாது என்று ஒருவர் கையில் இருந்த பொட்டலத்தையே பிடுங்கினேன். அவர் என் கடைப் பக்கமே அப்புறம் வருவதில்லை.

எனக்கு ஒரு மச்சான் உண்டு. மனைவியின் தம்பி. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கிறான். முறைக்குத்தான் மச்சான், மற்றபடி என்னைவிட நாலு வயது இளைய சினேகிதன். கல்யாணமான புதிதில் நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டோம், ஒரே நாளில் லைசென்ஸ் வாங்கினோம். அவன் லைசென்ஸிலும் ஏ பாசிட்டிவ்தான். என் பக்கத்தில் ஒரு துணை சேர்ந்தால் பரங்கிக்காய் கொஞ்சம் லேசாகும் என்று நினைத்து, இரண்டாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்துக்குப் போனேன்.

அவன் என்னை நேரே கீழ வீதிப் பக்கம் ஒரு டிபன் கடைக்கு இழுத்துப் போனான். இட்லி வந்தது. கூடவே கொத்சு வந்தது. சிதம்பரம் கொத்சு என்றால் வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன்: கத்தரிக்காயை வேக வைத்து மசித்து, புளியும் வறுத்து அரைத்த மிளகாய் மல்லியும் விட்டு, எண்ணெய் மேலே மிதக்கக் கொதிக்க வைப்பது. நல்ல கொத்சின் வாசத்துக்கு நான் எழுந்து நிற்பேன். அன்று மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“என்னா மாமா, மூஞ்சி இப்படி வத்திப் போச்சு? அக்கா சோறு போடுறதில்லையா?”

“மச்சான், அந்தக் கிண்ணத்தத் தள்ளி வை. கத்தரிக்காய் நம்ம ரத்தத்துக்கு ஆவாது. நீயும் ஏ, நானும் ஏ.”

“நாப்பது வருசமா ஆயிக்கினுதான மாமா இருக்குது?”

“உள்ள இஞ்சின் தேயறது உனக்கு எப்படிடா தெரியும்?”

லேமினேஷன் போட்ட ஒரு பக்கத்தைப் பையிலிருந்து எடுத்து அவன் முன் வைத்தேன். அவன் அதன் மேல் கொத்சுக் கிண்ணத்தை வைத்தான். கிண்ணம் வைக்க வசதியாக இருந்ததாம்.

“கறி வாணாம், மீனு வாணாமாம். இத வடலூர்ல சபையில எத்தன வருசமாச் சொல்லிக்கினு இருக்காங்க? பஸ்ஸுல ஏறுனா ஒரு மணி நேரம். அங்க சொன்னப்பல்லாம் நீ கேட்டியா? தைப்பூசத்துக்குப் போயிட்டு வந்து, மறுநாளே நண்டு வாங்குன ஆளு நீ. ஜிம்முக்காரன் சொன்னா மட்டும் கேப்பியா?”

“அவங்க எல்லாருக்கும் சொல்றாங்கடா. இது எனக்குன்னு சொல்லுது.”

“அதான் மாமா உன் வியாதி” என்று சொல்லி இன்னொரு கரண்டி கொத்சு ஊற்றிக்கொண்டான். நான் மூன்று இட்லியை எதுவும் தொட்டுக்கொள்ளாமல் விழுங்கினேன். மூன்றாவது இட்லி தொண்டையில் நின்று, தண்ணீர் குடித்துத்தான் உள்ளே போனது. திரும்பும் பஸ்ஸில் புதுச்சத்திரம் தாண்டும் வரை என் சட்டையில் கொத்சு வாசம் இருந்தது. சட்டையை முகர்ந்துகொண்டே வந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முகரக் கூடாது என்று பதினாறு பக்கத்தில் எங்கும் போடவில்லை.

மூன்று மாதம் முடிந்தது. சர்க்கரை பார்க்கும் நாள் வந்தது. காலை ஏழு மணிக்கு லேபில் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினேன். “சாயங்காலம் ரெடி ஆயிடும், டாக்டரை நாளைக்குப் பாருங்க” என்றார்கள். கையில் பஞ்சோடு வெளியே வந்து, பயறு சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். செல்போன் அடித்தது. என் மனைவி.

“தம்பி பைக்குல வுழுந்துட்டானாம். நேத்து சாயங்காலம். தொடை எலும்பு முறிஞ்சு போச்சாம். இன்னைக்கு மூணு மணிக்கு ஆபரேசனு, கம்பி வெக்கணுமாம். ரத்தம் வேணுமாம், யாராச்சும் வந்து குடுக்கணுமாம். நேத்தே சொல்லக் கூடாதா? எனக்கு பயம் வரும்னு சொல்லலியாம்.”

“பதறாத. நான் இருக்கேன்ல? அவனும் ஏ, நானும் ஏ. என் ரத்தம் நேரா அவனுக்கு ஏறும்!”

சொல்லிவிட்டு எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. ஊசிக்கு ஒளிந்தவனா இப்படிப் பேசுகிறான்! சிதம்பரம் பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். வழியெல்லாம் மனசுக்குள் ஒரே காட்சி: பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கட்டில், நடுவில் ஒரு குழாய், இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் மச்சான். அதுவும் எப்படிப்பட்ட ரத்தம்? மூன்று மாதம் பரங்கிக்காயில் வடிகட்டிய சுத்தமான ரத்தம். அவன் குணமாகி எழுந்ததும் கொத்சைக் கண்டால் தானாகவே முகம் திருப்புவான் என்று நினைத்தபோது எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

ஆஸ்பத்திரி ரத்த வங்கியில் ஒரு பெண் இருந்தார். என் மகள் வயது இருக்கும். என் விரலில் குத்தி, வெள்ளைத் தட்டு ஒன்றில் மூன்று இடத்தில் சொட்டுச் சொட்டாக ரத்தம் வைத்தார். ஒன்றில் நீல மருந்து, ஒன்றில் மஞ்சள் மருந்து, ஒன்றில் நிறமில்லாத மருந்து. குச்சியால் கலக்கி, தட்டை மெல்ல ஆட்டினார். நீலத்தில் ஒன்றும் நடக்கவில்லை. மஞ்சளிலும் நிறமில்லாததிலும் ரத்தம் திரிந்த பால் போலத் திட்டுத் திட்டாகப் பிரிந்தது.

“பி பாசிட்டிவ் சார்.”

“ஏ பாசிட்டிவ்மா.”

“பி சார்.”

“இல்லம்மா, நல்லா ஆட்டிப் பாரு. ஏ தான்.” பர்ஸைத் துழாவி லைசென்ஸை எடுத்து அவர் கண்ணுக்கு நேரே நீட்டினேன். “பாரு, கவர்மெண்ட்டு கார்டு.”

அவர் கார்டைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். “சார், நான் ரத்தத்த உங்க கையிலேருந்துதான் எடுக்கப் போறேன். லைசென்ஸுலேருந்து எடுக்கல.”

மூன்று மாதம்! மனதுக்குள் பி வகைப் பக்கம் தானாகப் புரண்டது. அடுத்தவருக்கு வகுப்பு எடுத்து எடுத்து எனக்கு நாலு வகையும் மனப்பாடம். பி வகைக்கு வேண்டாம்: பரங்கிக்காய், பயறு, வேர்க்கடலை. அதாவது மூன்று மாதமாக நான் விழுங்கியது அத்தனையும். பி வகைக்கு நல்லது: ஆட்டுக்கறி, தயிர், வாழைப்பழம், கத்தரிக்காய். கத்தரிக்காய்! அன்று கீழ வீதியில் அந்தக் கொத்சு எனக்கென்றே கொதித்திருக்கிறது. நான் மூக்கைப் பொத்தியிருக்கிறேன்.

“ஏம்மா, நான் மூணு மாசமா வேற ஆளு சாப்பாட்டச் சாப்பிட்டுட்டேன். ஏதாச்சும் ஆயிடுமா?” என்று கேட்டேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. “காலையில டிபன் சாப்பிட்டீங்களா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க” என்றார்.

“பயறு சுண்டலு.”

“போதும், படுங்க.”

மச்சானுக்கு வேண்டிய ரத்தம் அவர்களிடமே இருந்ததாம். நான் கொடுப்பது அதற்கு மாற்றாக, எந்த வகையாக இருந்தாலும் சரி. என் குழாய்க் காட்சி அங்கேயே முடிந்தது. ஆனாலும் படுத்தேன். முப்பது வருடம் ஊசிக்கு ஒளிந்தவன் ஒரே நாளில் மூன்று குத்து வாங்கினேன். பாதியில், “தப்பா எழுதுன கார்டால யாருக்காச்சும் உசுருக்கு ஆபத்து வருமாம்மா?” என்று கேட்டேன். “கார்டப் பாத்து யாரும் ரத்தம் ஏத்த மாட்டாங்க சார். ஒவ்வொரு தடவையும் டெஸ்ட் பண்ணித்தான் ஏத்துவோம்” என்றார். முடிந்ததும் பிஸ்கட்டும் ஒரு மாம்பழ ஜூஸும் கொடுத்தார். ஜூஸ் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு என் பத்து விரல்களையும் நினைத்தேன். “குடிச்சாத்தான் எழுந்திருக்க விடுவேன்” என்றார். குடித்தேன். மூன்று மாதம் கழித்து இனிப்பு! இரண்டாவது பாக்கெட் உண்டா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

மச்சான் காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். முகம் வெளிறி இருந்தது. என்னைப் பார்த்ததும், “ரத்தம் குடுத்தியாமே மாமா? நீயா? மயக்கம் போட்டியா இல்லையா?” என்றான்.

“அத வுடு. உனக்கு என்னா குரூப்புன்னு சொன்னாங்க?”

“ஓ பாசிட்டிவாம்.”

“லைசென்ஸுல ஏ இருக்குதே?”

“ஆமாம்ல?”

“எனக்கும் லைசென்ஸுல ஏ. இங்க பி-ன்றாங்க. அந்த டிரைவிங் ஸ்கூல்காரன் ரெண்டு பேர் தலையிலயும் மொளகா அரைச்சிருக்கான்டா. கூறு கெட்டவன். இப்பவே போறேன், போயி அவன் சட்டையப் புடிச்சு...”

மச்சான் மோட்டைப் பார்த்து யோசித்தான். திடீரென்று அவன் வயிறு குலுங்கியது. “அய்யோ, அய்யோ” என்று வலியில் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

“என்னாடா?”

“மாமா, சிரிக்க வெக்காத, காலு போவுது... ஃபாரத்த ரொப்புனது யாரு?”

“யாரு?”

“நீதான் மாமா!”

அப்போது எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. இருபத்திரண்டு வருடத்துக்கு முன் திருப்பாதிரிப்புலியூரில் அந்த டிரைவிங் ஸ்கூல் அறை. பதினோரு பேர் உட்கார்ந்திருக்கிறோம். சுவரில் அட்டையில் ஒட்டிய மாதிரி விண்ணப்பம் ஒன்று, எல்லாக் கட்டமும் நிரப்பியபடி தொங்குகிறது. “கையெழுத்து நல்லா இருக்கறவங்க யாருப்பா?” என்று ஸ்கூல்காரர் கேட்கிறார். புது மாப்பிள்ளை நான், மச்சான் எதிரில் கெத்தாகக் கை தூக்குகிறேன். பதினோரு பேருக்கும் நானே நிரப்புகிறேன். ரத்த வகைக் கட்டம் வருகிறது. “எனக்குத் தெரியாதே மாமா” என்கிறான் மச்சான். நான் சொல்கிறேன்: “சுவத்துல என்னா போட்டிருக்குதோ அதையே போட்டுடலாம்டா. அதான் கவர்மெண்ட்டு ஒத்துக்குற குரூப்பு.”

பதினோரு பேரையும் ஏ பாசிட்டிவ் ஆக்கியவன் நான். இரண்டு வருடம் முன்பு லைசென்ஸைப் புதுப்பித்தபோது, பழைய கார்டைப் பார்த்து அதையே மறுபடி எழுதியவனும் நான். கடைக்கு வருகிறவர்கள், “குரூப்பு தெரியலண்ணே, எதாச்சும் போடுங்க” என்பார்கள். நானும் எதாச்சும் போடுவேன். ஊரில் பாதிப் பேர் கார்டில் இருப்பது என் கற்பனை. அப்படிப்பட்ட நான் என் கார்டில் மட்டும் சத்தியம் அச்சாகியிருக்கும் என்று நம்பி, பரங்கிக்காய் தின்றேன்.

மூன்று மணிக்கு அவனை உள்ளே கொண்டுபோனார்கள். நாலரைக்கு நல்லபடியாக வெளியே கொண்டுவந்தார்கள். மயக்கம் பாதி தெளிந்த நிலையில் அவன், அடுத்த பஸ்ஸில் வந்து சேர்ந்திருந்த தன் அக்காவிடம் சொன்ன முதல் வார்த்தை, “மாமாவுக்குக் கொத்சு வாங்கிக் குடுக்கா” என்பதுதான். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடலூரில் என் சர்க்கரை ரிப்போர்ட் தயாராக இருக்கும். மூன்று மாதமும் தப்பான சாப்பாடு. கொடுத்த தவணை அவ்வளவும் வீண். அப்பாவின் செருப்பு கண் முன்னாலேயே நின்றது. அன்றைக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை.

மறுநாள் டாக்டரம்மா கவரைப் பிரிப்பதற்கு முன்பே பேசிவிட்டேன். “மேடம், தப்பு என் மேலதான். மாத்திரைய எழுதிடுங்க. என் ரத்தம் பி குரூப்பு. ஏ-ன்னு நெனச்சு மூணு மாசம் சாப்பிட்டுட்டேன்.”

அவர் ரிப்போர்ட்டைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். “என்ன சாப்பிட்டீங்க?”

எல்லாவற்றையும் சொன்னேன். லாரி, டீசல், சுவர், மாதிரி விண்ணப்பம் எல்லாம். அவர் சிரிப்பை அடக்கிக் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார்.

“சோறு எவ்வளவு?”

“ஒரு கரண்டி. குழம்பில்லாம எறங்கல மேடம்.”

“பஜ்ஜி, பரோட்டா?”

“இல்ல.”

“சக்கரை போட்ட டீ?”

“இல்ல.”

“நடந்தீங்களா?”

“தெனமும். அமைதியா.”

“எடை நாலு கிலோ குறைஞ்சிருக்கு. அஞ்சு புள்ளி எட்டு வந்திருக்கு. மாத்திரை இப்ப வேணாம்.” காகிதத்தை என் பக்கம் திருப்பினார். “ரத்தக் குரூப்பப் பாத்துச் சாப்பிட்டா நல்லதுன்னு நிரூபணம் ஒண்ணும் இல்ல சார். நீங்க ஏ-வா பி-யான்னு உங்க கணையத்துக்குக் கவலை இல்ல. எவ்வளவு சோறு வருதுன்னுதான் பாக்கும்.”

“அப்ப மீனு?”

“மீன் தாராளமா சாப்பிடுங்க. குழம்பு நல்லா இருக்குன்னு மூணு தடவ சோறு போட்டுக்காதீங்க. அவ்வளவுதான்.”

வெளியே வந்ததும் மனைவிக்குப் போன் போட்டேன். “கொறஞ்சிடுச்சு. மாத்திரை இல்ல. வரும்போது மீனு வாங்கிக்கினு வரேன்.”

“எந்தக் குரூப்புக்கு?” என்றாள்.

முதுநகர் மார்க்கெட்டில் அரை கிலோ வஞ்சிரம் வாங்கினேன். மத்தியானம் மீன் குழம்போடு ஒரு கரண்டி சோறு சாப்பிட்டேன். இரண்டாவது கரண்டிக்குக் கை போயிற்று, அதையும் போட்டுக்கொண்டேன். சுவரில் இருந்த பக்கங்களைக் கழற்றிச் சூடான சட்டிக்கு அடியில் வைத்தோம். ஆறு மாதம் கழித்து மறுபடி பார்த்தபோது சர்க்கரை அஞ்சு புள்ளி ஒன்பது. மச்சான் இப்போது கைத்தடி இல்லாமல் நடக்கிறான். கடையில் ரத்த வகை தெரியாது என்று சொல்கிறவர்களின் கட்டத்தை நான் காலியாக விட்டுவிடுகிறேன். என் லைசென்ஸில் இன்னும் ஏ பாசிட்டிவ் என்றுதான் இருக்கிறது. திருத்துவதற்கு விண்ணப்பம் நிரப்பி வைத்திருக்கிறேன், கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.